உம்மாவின் கறித்தூளும் எமது வியாபாரமும்



சில வாரங்களுக்கு முன் ஜும்ஆத் தொழுகை முடிந்து ஐந்து சந்திப் பக்கம் நின்று பேசிக்கொண்டிருந்தபோது, எனக்குத் தெரிந்த ஒரு சகோதரர் என்னைத் தனியே கூப்பிட்டு ஒரு முறைப்பாடு சொன்னார். அவர் மதியச் சாப்பாட்டுப் பார்சல் வியாபாரம் செய்பவர். வெள்ளிக்கிழமைகளில் அவருடைய புரியாணிக்கு நல்ல கிராக்கி. அவருடைய மனைவி, பக்கத்து வீட்டுத் தமிழ்ப் பெண்ணுக்கு அந்தப் புரியாணி மசாலாவின் அளவை எழுதிக் கொடுத்துவிட்டாராம். அந்தப் பெண் இப்போது ஓர் அலுவலகத்துக்கு 30 பார்சல் கொடுக்கத் தொடங்கிவிட்டாராம்.

"கடைத் திறப்பைத் தூக்கிக் கொடுத்த மாதிரி ஆகிட்டுது நானா. நீங்க பத்திரிகையில எழுதுற ஆள். இதைப் பற்றி எழுதுங்க. எங்கட பெண்களுக்குக் கொஞ்சம் வியாபார புத்தி வரட்டும்" என்றார்.

எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். எழுதுகிறேன். ஆனால் அவர் எதிர்பார்த்ததை எழுத என்னால் முடியவில்லை. ஏனென்றால் இதே கோபம் ஒரு காலத்தில் எனக்கும் வந்தது. அன்று நான் நினைத்தது பிழை என்று விளங்க எனக்கு ஏறக்குறைய இருபது வருடங்கள் பிடித்தன. அந்தக் கதையைச் சொல்லாமல் இந்த விடயத்தில் புத்தி சொல்ல எனக்கு உரிமை இல்லை.

சோதனையில் பறிக்க முடியாத முதல்

1990 ஒக்டோபர் 30 ஆம் திகதி யாழ்ப்பாண முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றியது எல்லோருக்கும் தெரிந்த விடயம். ஜின்னா மைதானத்தில் கூட்டி, இரண்டு மணி நேரத்துக்குள் போக வேண்டும் என்றார்கள். கையில் 150 ரூபா, உடுதுணி, அவ்வளவுதான். நகை, பணம், கடைத் திறப்பு எல்லாம் வழியில் போய்விட்டது. வடக்கு மாகாணம் முழுவதிலுமிருந்து அந்த மாதத்தில் வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் சுமார் 75,000 பேர் என்று சொல்லப்படுகிறது. பெரும்பாலானோர் போய்ச் சேர்ந்தது புத்தளம் மாவட்டத்துக்கு. எங்கள் குடும்பமும் அப்படித்தான். அப்போது எனக்குப் பதினெட்டு வயது. அதோடு என் படிப்பும் முடிந்தது.

வாப்பாவின் கடை போனது. கடையில் இருந்த சரக்கு போனது. வரவேண்டிய கடன் எழுதிய கொப்பியும் போனது. ஒரு வியாபாரிக்கு இதைவிட வேறு என்ன நட்டம் வர முடியும்? ஆனால் உம்மாவிடம் ஒரு முதல் இருந்தது. அதை எந்தச் சோதனையிலும் பறிக்க முடியவில்லை. அது அவருக்குத் தெரிந்திருந்த கறித்தூள்.

கல்பிட்டி வீதியில் ஒரு கிடுகு முகாமில் இருந்துகொண்டு, இரவல் வாங்கிய தாச்சியில் வறுத்து, இரவல் உரலில் இடித்து, உம்மா கறித்தூள் செய்யத் தொடங்கினார். நான் அதைச் சின்னச் சின்னப் பைகளில் கட்டி, சைக்கிளில் பாலாவிப் பக்கக் கடைகளுக்குக் கொண்டுபோய்ப் போட்டேன். யாழ்ப்பாணத்து வறுத்த தூளின் வாசம் அந்தப் பக்கத்துச் சனங்களுக்குப் புதிது. மெல்ல மெல்லப் பிடித்துக்கொண்டார்கள். ஒரு வருடத்துக்குள் அந்தத் தூளால் எங்கள் வீட்டு அடுப்பு எரிந்தது.

அடுத்த கொட்டிலில் மன்னார்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு மாமி இருந்தார். கணவர் நோயாளி. மூன்றும் பெண் பிள்ளைகள். ஒரு நாள் அவர் உம்மாவிடம் வந்து, "எனக்கும் இந்தத் தூளைக் காட்டித் தாங்களேன்" என்று கேட்டார். நான் குறுக்கே விழுந்து மறுத்தேன். அந்த மாமி போன பிறகு உம்மாவோடு சண்டை பிடித்தேன். "இருக்கிற ஒரே ஒரு வருமானம் இது. இதையும் பங்கு போடப் போறீங்களா?" என்று கேட்டேன்.

உம்மா சத்தம் போடவில்லை. "மகன், றிஸ்க் அல்லாஹ்ட கையில. அளவு மட்டும்தான் என்ட கையில. இருக்கிறதைத்தானே கேட்டா" என்றார். அடுத்த நாள் அந்த மாமியைப் பக்கத்தில் இருத்தி, முதலில் எதை வறுக்க வேண்டும், எதைக் கடைசியில் வறுக்க வேண்டும் என்று எல்லாவற்றையும் காட்டிக் கொடுத்தார்.

நட்டமும் வந்தது, இலாபமும் வந்தது

இந்த இடத்தில் நான் பொய் சொல்லக் கூடாது. கொடுத்த உடனே பரக்கத் கொட்டியது என்று எழுதினால் வாசிக்க நன்றாக இருக்கும். ஆனால் நடந்தது அப்படியல்ல. அந்த மாமி தூள் விற்கத் தொடங்கிய முதல் சில மாதங்களில் என்னுடைய விற்பனை குறைந்தது. இரண்டு கடைக்காரர்கள் அவருடைய தூளுக்கு மாறினார்கள். நான் பல நாள் உம்மாவோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

பிறகு நடந்ததைக் கணக்குப் பார்த்தால்தான் விளங்கும். முதலில் ஒருவர் மட்டும் விற்றபோது வீட்டுத் தூள் என்பது கடைக்காரர்களுக்கு ஒரு வேடிக்கைச் சரக்கு. இரண்டு பேர் கொண்டுவரத் தொடங்கியதும் அது கடையில் எப்போதும் இருக்க வேண்டிய சரக்காக மாறிவிட்டது. ஒருவரிடம் தீர்ந்தால் மற்றவரிடம் வாங்கலாம் என்ற நம்பிக்கையில் புதிய கடைகளும் கேட்டன. இது ஒன்று.

இரண்டாவது, செத்தல் மிளகாயும் மல்லியும் நான் சில்லறையாகக் கிலோக் கணக்கில்தான் வாங்கி வந்தேன். மாமிக்கும் சேர்த்து வாங்க வேண்டி வந்தபோது மூட்டைக் கணக்கில் வாங்க முடிந்தது. கொழும்பு புறக்கோட்டை நான்காம் குறுக்குத் தெருவுக்கு நேரே போய் மொத்த விலையில் எடுத்தேன். லொறிக் கூலியை இரண்டு பேருக்கும் பிரித்தோம். மாமியைப் பார்த்து இன்னும் நாலு வீட்டுப் பெண்கள் தூள் செய்யத் தொடங்கினார்கள். அவர்களுக்கும் மிளகாய் கொடுத்தது நான்தான். கறித்தூள் விற்ற பையன் இப்படித்தான் பலசரக்கு மொத்த வியாபாரியாக ஆனான். உம்மா அன்று கதவை மூடியிருந்தால் நான் இன்றும் சைக்கிளில்தான் போய்க்கொண்டிருப்பேனோ என்னவோ.

ஒருவர் சமைக்கப் பழகினால் அவருக்குச் சரக்கு வேண்டும். சரக்கு விற்பவர்கள் நாங்கள். இந்தச் சின்னக் கணக்கு என் மூளைக்கு அன்று ஏறவில்லை.

கொடுத்தது மட்டும்தான் திரும்பி வந்தது

2002 ஏப்ரலில் ஏ9 பாதை திறந்தபோது நானும் யாழ்ப்பாணம் வந்து பார்த்தேன். வீட்டுக்குக் கூரை இல்லை. முற்றத்தில் பற்றை. கடை வைக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே நிலைமை மாறி, 2006 ஓகஸ்டில் பாதை மீண்டும் மூடப்பட்டது. 2008 இல் உம்மா புத்தளத்திலேயே மௌத்தானார். யுத்தம் முடிந்த பிறகு 2010 இல் வந்து இங்கே கடையைத் திறந்தேன்.

திறந்ததும் பழைய தமிழ் வாடிக்கையாளர் ஒருவர் வந்தார். வாப்பாவின் காலத்து மனிதர். "தம்பி, உங்கட அம்மான்ர தூள் இருக்கோ?" என்று கேட்டார். எனக்கு வாய் அடைத்துவிட்டது. உம்மா வீட்டில் இருந்த காலத்தில் வாப்பா கடையில் வைத்து விற்ற தூளை அந்த மனிதர் இருபது வருடமாக மறக்கவில்லை.

செய்து பார்த்தோம். என் மனைவி செய்தார், என் தங்கை செய்தார். நிறம் வந்தது, வாசம் வரவில்லை. எத்தனை கிலோ மிளகாய் வாங்குவது என்று எனக்குத் தெரியும். எந்தப் பக்குவத்தில் இறக்குவது என்று தெரியாது. பதினேழு வருடம் அந்தத் தூளை விற்றவன், ஒரு நாள்கூட அடுப்படியில் நின்று பார்க்கவில்லை. ஒரு துண்டுக் கடதாசியிலும் எழுதி வைக்கவில்லை.

கடைசியில் ஒரு தராசையும் ஒரு கொப்பியையும் எடுத்துக்கொண்டு புத்தளத்துக்கு பஸ் ஏறினேன். அந்த மாமியின் வீட்டுக்குத்தான் போனேன். மூன்று பெண் பிள்ளைகளையும் அந்தத் தூளில் வளர்த்துக் கட்டிக் கொடுத்திருந்தார். அவர் பேணியாலும் கைப்பிடியாலும் அள்ளி அள்ளி வைக்க, நான் ஒவ்வொன்றையும் தராசில் நிறுத்து எழுதினேன். பெருஞ்சீரகம் வந்தபோது கையை நிறுத்திச் சொன்னார்: "உங்கட உம்மா ஒரு பேணிதான் போடுவா. இங்கத்தை ஆக்களுக்குப் பிடிக்குது என்று நான்தான் ரெண்டாக் கூட்டினேன். நீங்க ஒன்றைப் போடுங்க."

பாருங்கள், எவ்வளவு பெரிய அமானத். தான் மாற்றியதையும் மறைக்காமல் சொன்னார். நான் கொடுக்க வேண்டாம் என்று தடுத்த பொருளை, நான் தொலைத்த பிறகு, நான் தடுத்த அந்த மனிதரே எனக்குத் திருப்பித் தந்தார்.

இதற்கு எதிர்க் கதையும் எங்கள் குடும்பத்தில் இருக்கிறது. என் சாச்சி ஒருவர் தொதல் கிண்டுவதில் பேர் போனவர். பெருநாளைக்கு அவர் வீட்டுத் தொதலுக்குச் சொல்லி வைத்து வாங்குவார்கள். கிண்டும்போது கதவைச் சாத்திவிடுவார். சொந்த மருமகளையும் உள்ளே விடமாட்டார். அவர் மௌத்தாகி வருடங்கள் ஆகிவிட்டன. இன்று அவருடைய பிள்ளைகள் பெருநாளைக்குக் கடையில் தொதல் வாங்குகிறார்கள். சாச்சி யாருக்கும் கொடுக்கவில்லை, அதனால் யாரிடமும் போய்க் கேட்க வழியில்லை.

எழுதி வைத்தவர்கள், பகிர்ந்தவர்கள்

இது எங்கள் குடும்பக் கதை மட்டுமல்ல. 1226 இல் பக்தாதில் முஹம்மத் இப்னு ஹஸன் அல்பக்தாதி என்பவர் ஒரு சமையல் நூல் எழுதினார். 32 வருடங்கள் கழித்து, 1258 இல், மங்கோலியர்கள் அந்த நகரத்தை அழித்தார்கள். நகரம் அழிந்தது, நூல் தப்பியது. அன்று அந்த ஊரில் என்ன சமைத்தார்கள் என்று இன்றும் படித்துச் சமைக்க முடிகிறது. ஊரை இழந்த எங்களுக்கு இதன் பெறுமதி மற்றவர்களைவிட நன்றாக விளங்க வேண்டும்.

தமிழ்நாட்டில் மீனாட்சி அம்மாள் என்ற பெண்மணி 1951 இல் 'சமைத்துப் பார்' என்ற நூலைத் தாமே வெளியிட்டார். இளம் வயதில் விதவையானவர். வீட்டுச் சமையலை அளவோடும் ஒழுங்கோடும் எழுதிக் கொடுத்தார். அவருடைய கைப்பக்குவத்தை எல்லோரும் எடுத்துக்கொண்டுவிட்டார்களே என்று அவர் குடும்பம் நட்டப்படவில்லை. அந்த நூல் பாகம் பாகமாக வந்து, தலைமுறைகள் தாண்டி விற்பனையானது. இரகசியத்தைத் திறந்ததே அவருக்கு வியாபாரமாக அமைந்தது.

இன்னும் பெரிய கணக்கு வேண்டுமா? 1959 இல் பம்பாயில் ஏழு பெண்கள் 80 ரூபா கடன் வாங்கி அப்பளம் போடத் தொடங்கினார்கள். அதுதான் இன்றைய லிஜ்ஜத் பப்பட். மாவை ஓரிடத்தில் ஒரே அளவில் குழைத்து, அங்கத்தவர்களுக்குப் பங்கிட்டுக் கொடுக்கிறார்கள். அவர்கள் வீட்டில் தட்டிக் காயவைத்துத் திருப்பிக் கொடுக்கிறார்கள். ஏழு பேர் இன்று நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களாகப் பெருகியிருக்கிறார்கள். அந்த ஏழு பேரில் ஒருவரான ஜஸ்வந்திபென் போபட்டுக்கு 2021 இல் இந்திய அரசு பத்மஸ்ரீ விருது வழங்கியது. அப்பளம் போடுவதில் என்ன இரகசியம் இருக்கிறது? எல்லா வீட்டுக்கும் தெரிந்த வேலை. ஒரே தரம், ஒரே பெயர், நாணயமான கணக்கு என்ற மூன்றும்தான் அவர்களை வளர்த்தது.

எங்கள் பெருநாள் மேசையையே பாருங்கள். வட்டிலப்பம் இல்லாத பெருநாள் உண்டா? அது இந்த நாட்டுக்கு மலாய் மக்களோடு வந்தது என்றுதான் பொதுவாகச் சொல்வார்கள். யாரோ ஒரு மலாய்த் தாய் யாரோ ஒரு சோனகத் தாய்க்குத் தேங்காய்ப் பாலும் முட்டையும் கருப்பட்டியும் எந்த அளவில் சேர்ப்பது என்று சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். அவர் கதவைச் சாத்தியிருந்தால் இன்று நாங்கள் அதை எங்கள் பண்டம் என்று சொல்லிக்கொள்ள முடியாது. இன்று அதைச் சிங்களச் சகோதரர்களின் ஹோட்டல்களிலும் விற்கிறார்கள். அதனால் எங்கள் வீட்டு வட்டிலப்பத்தின் ருசி ஒரு சொட்டும் குறையவில்லை.

எதைக் கொடுப்பது, எதை வைத்துக்கொள்வது

"அப்படியென்றால் கொக்கா கோலா ஏன் தன் செய்முறையைப் பூட்டி வைத்திருக்கிறது?" என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. 1977 இல் அந்தக் கம்பனி, பங்குகளையும் தொழில்நுட்பத்தையும் விட்டுக்கொடுக்கச் சொன்ன இந்திய அரசோடு உடன்படாமல் நாட்டை விட்டே வெளியேறியது. திரும்பி வந்தது 1993 இல். பதினாறு வருட வியாபாரத்தை விட்டுவிட்டு இருக்க அந்தக் கம்பனியால் முடியும். உங்களாலும் என்னாலும் பதினாறு நாள் முடியுமா? இரகசியத்தைக் காப்பதற்கும் ஒரு செலவு இருக்கிறது. அது பெரிய முதலாளிகளுக்குக் கட்டுப்படியாகும்.

சட்டத்தையும் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். எமது நாட்டின் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி பதிப்புரிமை என்பது எழுத்துக்குத்தான், செய்யும் முறைக்கு அல்ல. நீங்கள் எழுதிய சமையல் நூலை ஒருவர் அப்படியே அச்சடித்தால் குற்றம். அதைப் பார்த்துப் புரியாணி சமைத்து விற்றால் குற்றமல்ல. ஆகவே வீட்டுச் செய்முறைக்கு வேலி போட நினைப்பது வீண் வேலை. பெயருக்கு வேலி போடலாம். தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் வியாபாரக் குறியைப் பதிந்தால் பத்து வருடங்களுக்குப் பாதுகாப்பு உண்டு, பிறகு புதுப்பித்துக்கொள்ளலாம். எங்கள் ஆட்களில் எத்தனை பேர் இதைச் செய்திருக்கிறோம்? அளவை ஒளிக்கிறோம், பெயரைத் தெருவில் போட்டு வைத்திருக்கிறோம். பிறகு வசதியுள்ள ஒருவர் அதே பெயரில் பைக்கற் போட்டு விற்கும்போது தலையில் கை வைக்கிறோம்.

ஒரு பண்டத்தின் பெயரை ஊரே சேர்ந்து காப்பாற்றவும் வழி இருக்கிறது. 2022 இல் 'சிலோன் சினமன்' என்ற எமது கறுவாப்பட்டையின் பெயருக்கு ஐரோப்பிய ஒன்றியம் புவியியல் குறியீட்டுப் பாதுகாப்பு வழங்கியது. கறுவா உரிக்கும் முறை யாருக்கும் இரகசியமில்லை. பெயர்தான் காக்கப்பட்டது. யாழ்ப்பாணத்துக் கறித்தூளுக்கும் ஒரு நாள் இப்படி ஒரு ஏற்பாடு வரக் கூடாதா? அதற்கு முதலில் அந்தத் தூள் என்னவென்று எழுதி வைத்திருக்க வேண்டும். ஆளுக்கொரு பூட்டுப் போட்டு வைத்திருந்தால் எதைக் கொண்டுபோய்க் காட்டுவது?

ஆகவே என் கருத்து இதுதான். செய்முறையைத் தாராளமாகக் கொடுங்கள். உங்கள் கொள்வனவு விலை, எந்த வியாபாரியிடம் எந்தத் தவணையில் வாங்குகிறீர்கள், யாருக்கு எவ்வளவு கடன் கொடுத்திருக்கிறீர்கள் என்ற கணக்குகளை உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள். அவைதான் வியாபார இரகசியம். பெயரைப் பதிவு செய்யுங்கள். வாடிக்கையாளர் உங்களிடம் திரும்பி வருவது அளவுக்காக அல்ல. போன வெள்ளிக்கிழமை இருந்த ருசி இந்த வெள்ளிக்கிழமையும் இருக்கும், சொன்ன நேரத்துக்குப் பார்சல் வரும் என்ற நம்பிக்கைக்காகத்தான்.

ஒன்று மட்டும் கவனம். ஒரு கடையில் சம்பளத்துக்கு வேலை செய்பவர், முதலாளி நம்பிச் சொன்னதை வெளியே கொண்டுபோய் விற்பது வேறு விடயம். அது அமானத மோசடி, சட்டமும் அதை வேறாகத்தான் பார்க்கிறது. நான் சொல்வது வீட்டுச் சமையலை வீட்டாரே மனமுவந்து கொடுப்பதைப் பற்றி.

கஷ்ட காலத்தில் யார் கைகொடுத்தது?

2019 டிசம்பரில் மஞ்சள் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியபோது நடந்ததை என் போன்ற பலசரக்குக் கடைக்காரர்கள் மறக்க மாட்டார்கள். அடுத்த வருடத்தில் மஞ்சள் விலை கிலோ ஆயிரக்கணக்கான ரூபாவுக்கு ஏறியது. அரிசி மாவைக் கலந்து விற்றவர்களும் இருந்தார்கள். அப்போது வீட்டுப் பெண்கள்தான் ஒருவருக்கொருவர் சொல்லிக் கொடுத்து, முற்றத்தில் இரண்டு பாத்தி மஞ்சள் நட்டார்கள்.

2022 இல் எரிவாயு இல்லாமல் சிலிண்டரோடு வரிசையில் நின்றோம். பருப்பையும் கடலையையும் இரவே ஊறவைத்தால் எவ்வளவு நேரம் மிச்சம், சோறு ஒரு கொதி வந்ததும் மூடி இறக்கிச் சாக்கால் சுற்றி வைத்தால் தானே வெந்துவிடும், விறகடுப்பில் தாச்சியின் அடியில் சாம்பலைக் குழைத்துப் பூசினால் கரி கழுவ இலேசு என்று வேலிக்கு மேலால் பேசிப் பேசியே பெண்கள் அந்த மாதங்களைக் கடத்தினார்கள். அந்த யோசனைகளுக்கு யாராவது விலை கேட்டார்களா? கேட்டிருந்தால் எத்தனை வீட்டில் அடுப்பு எரிந்திருக்கும்?

குழம்பு சமைத்தால் தண்ணீரைக் கூட்டி அயலவரையும் கவனிக்கும்படி நபி (ஸல்) அவர்கள் அபூதர் (ரலி) அவர்களுக்குச் சொன்னது நாம் எல்லோரும் பயானில் கேட்டதுதான். குழம்பைக் கொடுக்கச் சொன்ன மார்க்கத்தில் இருந்துகொண்டு, அளவைச் சொல்ல ஏன் எங்களுக்குக் கை நடுங்குகிறது?

கொடுத்தால் சரியாகக் கொடுங்கள்

சிலர் கேட்டால் சொல்வார்கள். ஆனால் ஒரு சரக்கை விட்டுவிட்டுச் சொல்வார்கள். இது நிறுவையில் ஏய்ப்பது போன்றது. கொடுக்க விருப்பமில்லை என்றால் இல்லை என்று சொல்வது அதைவிட மேல்.

நான் மட்டும் மற்றவர்களுக்குப் புத்தி சொல்லிவிட்டுப் போகக் கூடாது அல்லவா? உம்மாவின் தூள் இதோ. செத்தல் மிளகாய் 500 கிராம், மல்லி 500 கிராம், பெருஞ்சீரகம் 100 கிராம், நற்சீரகம் 50 கிராம், மிளகு 50 கிராம், வெந்தயம் 25 கிராம், மஞ்சள் 25 கிராம், கறிவேப்பிலை இரண்டு கைப்பிடி.

எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு வறுக்கக் கூடாது, தனித்தனியாக வறுக்க வேண்டும். முதலில் மல்லி, வாசம் வந்து இலேசாகச் சிவக்கும் வரை. பிறகு சீரகங்களும் மிளகும். வெந்தயத்தைப் பொன்னிறத்தில் இறக்க வேண்டும், கருகினால் தூள் முழுவதும் கசக்கும். கறிவேப்பிலை கையில் நொறுங்க வேண்டும். மிளகாய் கடைசியில், மிக மெல்லிய நெருப்பில். மஞ்சளைச் சூட்டில் ஒரு பிரட்டுப் பிரட்டினால் போதும். நன்றாக ஆறிய பிறகே அரைக்க வேண்டும். சூட்டோடு அரைத்துப் போத்தலில் போட்டால் வியர்த்துக் கட்டிபட்டுப் பூஞ்சணம் பிடிக்கும். மில்லில் அரைப்பவர்கள், முன்னால் யாராவது கோப்பி அரைத்திருக்கிறார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். வறுத்து அரைக்கும்போது நிறை குறையும். விற்பவர்கள் அந்தக் குறைவையும், மில் கூலியையும், பைக்கற் செலவையும் சேர்த்துத்தான் விலை போட வேண்டும். உற்பத்தித் திகதியும் காலாவதித் திகதியும் இல்லாமல் பைக்கற் கட்டாதீர்கள்.

இதை வாசித்துவிட்டு யாராவது கறித்தூள் வியாபாரம் தொடங்கினால் எனக்குச் சந்தோஷம். மிளகாயும் மல்லியும் மொத்த விலைக்குத் தர என் கடை திறந்திருக்கிறது.

அந்தச் சகோதரருக்கு

இறுதியாக, என்னை எழுதச் சொன்ன சகோதரருக்கு இரண்டு வார்த்தை. நாங்கள் இந்த ஊருக்குத் திரும்பி வந்தபோது எங்களைத் தெரிந்தவர்களில் பலர் இல்லை, இருந்தவர்களுக்கும் எங்கள் முகம் மறந்துவிட்டது. இருபது வருடம் அறுந்து கிடந்த உறவு. யாழ்ப்பாணத்தில் கடை வைத்திருக்கும் எங்களில் அநேகருக்கு வாடிக்கையாளரில் பெரும்பகுதி தமிழ் மக்கள். அவர்கள் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்து, "தங்கச்சி, இதை எப்படிச் சமைக்கிறது?" என்று கேட்கிறார்கள் என்றால், அந்தக் கேள்விக்காகவே நாங்கள் பல வருடம் காத்திருந்தோம். அதற்கு உங்கள் மனைவி நல்ல பதில் கொடுத்திருக்கிறார்.

நீங்கள் அந்த 30 பார்சலைத்தான் எண்ணுகிறீர்கள். அந்தப் பெண் அரிசியும் நெய்யும் எங்கே வாங்குகிறார் என்று கேட்டீர்களா? உங்களோடு சேர்த்து வாங்கினால் இரண்டு பேருக்கும் விலை குறையாதா? உங்களால் ஏற்க முடியாத பெரிய ஓடர் வந்தால் பாதியை அவருக்குக் கொடுக்க முடியாதா? இவற்றை யோசித்துப் பாருங்கள். உங்கள் கடைப் பெயரையும் பதிந்துகொள்ளுங்கள்.

இன்னொன்று. நான் விசாரித்தேன். உங்கள் மனைவி சும்மா கொடுக்கவில்லை. பதிலுக்கு அந்தப் பெண்ணிடம் பனங்காய்ப் பணியாரம் சுடப் பழகியிருக்கிறார். பனங்காய் பழுக்கும் காலத்தில் அதை உங்கள் கடைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பாருங்கள். விற்பனை எப்படி என்று அடுத்த ஜும்ஆவுக்கு வரும்போது சொல்லுங்கள், இன்ஷா அல்லாஹ்.